வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளையின் உடம்பில் கண்டல் தெரிந்தால்: மருந்தை நிறுத்துவதா, பிள்ளையைக் காட்டுவதா?

வலிப்புக்கு மருந்து எடுத்துவரும் பிள்ளையின் தொடையிலோ முதுகிலோ ஒருநாள் நீலக் கண்டல் தெரிகிறது. விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. அடுத்த கிழமை பல் துலக்கும்போது துப்பலில் இரத்தம் வருகிறது. பிறகு ஒரு இரவு மூக்கால் வடிந்து தலையணை நனைந்திருக்கிறது. வீட்டில் மூத்தவர்கள் "பேய் அறைஞ்ச அடையாளம்" என்பார்கள். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தவர்கள், "மருந்தாலதான் பிள்ளைக்கு இப்பிடி வருது" என்பார்கள். இரண்டாவது கூட்டம் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் பல வீடுகளில் அடுத்ததாகச் செய்வது மருந்துப் போத்தலை எடுத்து ஒதுக்கி வைப்பது. கண்டலை விடப் பெரிய ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஆனையிறவை அண்டிய தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், இயக்கச்சி போன்ற ஊர்களில் இருக்கும் குடும்பத்துக்கு இது வெறும் மருத்துவத் தகவல் அல்ல. தெற்கே கிளிநொச்சி வைத்தியசாலை, வடக்கே பளை, அதற்கும் அப்பால் சுமார் 50 கிலோமீற்றரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. உப்பளத்திலோ கடலேரியிலோ அன்றன்றைக்கு உழைப்பவருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒருநாள் கூலி போகும் நாள். வலிப்புக்கு ஒரு இடம், பல்லுக்கு ஒரு இடம், காய்ச்சலுக்குப் பக்கத்துத் தனியார் வைத்தியர், மருந்து முடிந்தால் பரந்தனில் ஒரு பாமசி என்று பிள்ளையின் வைத்தியம் ஏ9 வீதி நெடுகப் பிரிந்து கிடக்கும். இந்த இடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. எங்கே என்ன கொடுத்தார்கள் என்பதைக் காவிச் செல்கிறவர் பெரும்பாலும் தாய் ஒருவர்தான். அதனால் எந்த மருந்து, எப்படி இரத்தத்தைத் தொடுகிறது என்பதை அவர் அறிந்திருப்பது அவசியம்.

வலிப்பு மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. இரத்தக்கசிவு என்றவுடன் முதலில் நினைக்கவேண்டியது சோடியம் வல்புரோயேற். எபிலிம் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த மருந்து இது. பாணியாகவும் குளிசையாகவும் வருகிறது. பலவகை வலிப்புகளை ஒரே மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது என்பதால் பிள்ளைகளுக்கு அதிகம் எழுதப்படுகிறது. இதன் கதையும் சுவையானது. வல்புரோயிக் அமிலம் 1882 இல் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டு, ஏறத்தாழ 80 ஆண்டுகள் மற்றப் பொருட்களைக் கரைக்கும் திரவமாக மட்டுமே பயன்பட்டது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிளில், வேறு பொருட்களை இதில் கரைத்துச் சோதித்தபோது எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்குவதைக் கண்டார்கள். அடக்கியது கரைந்த பொருள் அல்ல, கரைத்த திரவம் என்று பிறகுதான் விளங்கியது. 1967 இல் பிரான்சில் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

இது இரத்தத்தை என்ன செய்கிறது என்று விளங்க, இரத்தம் எப்படி உறைகிறது என்று தெரியவேண்டும். மாரியில் குளக்கட்டு உடைத்தால் வன்னியில் என்ன செய்வோம்? மண்மூட்டைகளை அடுக்குவோம். மூட்டைகள் வெள்ளத்தோடு போகாமல் இருக்கக் கட்டைகள் அடித்துக் கயிறு பிடிப்போம். கடைசியில் களிமண் அப்பி நீர் கசியாமல் இறுக்குவோம். நரம்பில் சிறு கீறல் விழுந்தாலும் உடம்பு இதையேதான் செய்கிறது. மண்மூட்டைகள்தான் குருதிச் சிறுதட்டுகள். டெங்குக் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபடும் அதே சிறுதட்டு. அவற்றைக் காயத்தோடு சேர்த்துப் பிடிக்கும் கட்டையும் கயிறும் வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம். அப்பும் களிமண் பைபிரினோஜன் என்ற இன்னொரு புரதம். இது ஈரலில் உருவாகிறது.

வல்புரோயேற் இந்த மூன்றையுமே குறைக்கக்கூடும். சிறுதட்டுகளின் எண்ணிக்கை குறையலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை ஒட்டும் வேலையைச் சரியாகச் செய்யாமல் இருக்கலாம். வொன் வில்லிபிராண்ட் காரணி குறையலாம். பைபிரினோஜன் குறையலாம். ஒரே பிள்ளையில் இவற்றில் இரண்டு சேர்ந்தும் வரலாம். "இரத்தம் சோதிச்சது, சிறுதட்டு சரியாக இருக்கு, பயமில்லை" என்று சொல்லப்பட்ட பிறகும் பிள்ளைக்குத் தொடர்ந்து மூக்கால் இரத்தம் வருமானால், மூட்டைகளை எண்ணியாயிற்று, கயிற்றையும் களிமண்ணையும் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எப்.பி.சி என்று எல்லோருக்கும் தெரிந்த முழுக்குருதிப் பரிசோதனை எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும். உறைதல் பரிசோதனைகள் வேறு. இதைக் கிளினிக்கில் பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

எவ்வளவு பேருக்கு இப்படி வரும்? சிறுதட்டு சற்றுக் குறைவது அபூர்வமல்ல. ஆனால் உயிருக்கு ஆபத்தான இரத்தக்கசிவு மிக அரிது. இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். சிறுதட்டுக் குறைவு பெரும்பாலும் மருந்தின் அளவோடு சேர்ந்து போகிறது. மருந்தோடு வரும் தகவல் ஏட்டில் உள்ள ஒரு ஆய்வில், உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவில் எடுத்த 126 பேரில் 34 பேருக்கு, அதாவது 27 வீதமானோருக்கு, சிறுதட்டு ஒருமுறையாவது 75,000 அல்லது அதற்குக் கீழே இறங்கியது. வழமையான எண்ணிக்கை ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை. இறங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மருந்து நிறுத்தப்பட்டதும் எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. மிச்சப்பேருக்கு மருந்து தொடர்ந்தபடியே சரியானது. இரத்தத்தில் மருந்தின் செறிவு மில்லிலீற்றருக்குப் பெண்களில் 110 மைக்கிரோகிராமையும் ஆண்களில் 135 ஐயும் எட்டும்போது இந்த ஆபத்து கூடுகிறது என்றும் அதே ஏடு சொல்கிறது.

50 மில்லிகிராம் என்பது 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராம் உள்ள பாணியென்றால் 25 மில்லிலீற்றர். பல பிள்ளைகள் இதில் ஏறத்தாழப் பாதி அளவில்தான் இருப்பார்கள். இங்கேதான் கரண்டி விவகாரம் வருகிறது. மருத்துவத்தில் தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி என்றால் 15. வீட்டிலிருக்கும் கரண்டிகள் எந்தக் கணக்குக்கும் அடங்காதவை. அம்மா ஒரு கரண்டியால் ஊற்ற, அம்மம்மா வேறொரு கரண்டியால் ஊற்றினால் பிள்ளைக்குப் போவது இரண்டு வெவ்வேறு அளவு. ஊசியில்லாத மருந்து சிறிஞ்சோ, போத்தலோடு வரும் அளவு மூடியோ பாவிப்பதுதான் சரி.

2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் கிடைக்காததை வெளியில் வாங்கும் பழக்கம் பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. வெளியில் வாங்கும்போது கம்பனி மாறும், குளிசையின் பலம் மாறும். 200 மில்லிகிராம் குளிசைக்குப் பதில் 500 மில்லிகிராம் குளிசை கையில் வந்து, "முந்தி இரண்டு போட்டது, இப்பவும் இரண்டு" என்று தொடர்ந்தால் 400 என்பது 1000 ஆகிவிடும். பெட்டியின் நிறத்தைப் பார்த்து நம்பவேண்டாம். பெட்டியிலுள்ள இலக்கத்தைக் கிளினிக் கொப்பியிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். வலிப்பு நன்றாக அடங்கியிருந்த பிள்ளைக்குப் புதுப்பெட்டி மாறிய சில கிழமைகளில் அளவுக்கு மீறிய தூக்கமும் கைநடுக்கமும் கண்டலும் வருமானால் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சரி, வலிப்பு வந்து விழுகிற பிள்ளைக்கு உடம்பில் கண்டல் இருப்பது புதினமா? இல்லை. அதனால்தான் பிரித்தறிவது கஷ்டம். விழுந்ததால் வரும் கண்டல் பெரும்பாலும் எலும்பு முட்டும் இடங்களில் இருக்கும்: முழங்கால், முழங்கை, கணைக்காலின் முன்பக்கம், நெற்றி. இரத்தக் கோளாறால் வருவது வயிறு, முதுகு, தொடையின் உட்பக்கம் போன்ற அடிபடாத இடங்களிலும் வரும், காரணம் சொல்ல முடியாமல் வரும், அடிக்கடி புதிது புதிதாக வரும். ஊசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் கால்களில் கூட்டமாகத் தெரிந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரின் பக்கத்தை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். நுளம்புக் கடியென்றால் நிறம் மங்கும். தோலுக்குள் கசிந்த இரத்தமென்றால் மறையாது. வலிப்பில் நாக்குக் கடிபட்டு வாயில் இரத்தம் வருவது வேறு. வலிப்பே வராத நாளில் முரசால் கசிவது வேறு.

முரசைப் பற்றி இன்னொரு குழப்பம் உண்டு. பீனிற்றோயின் என்ற பழைய மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கு முரசு தடித்து வளர்ந்து, துலக்கும்போது இரத்தம் வரும். அங்கே இரத்தம் நன்றாகத்தான் உறைகிறது. பிரச்சினை முரசின் வளர்ச்சியில். பல்லைச் சுத்தமாக வைத்திருந்தால் அது ஓரளவு அடங்கும், பல் வைத்தியரிடம் காட்டவும் வேண்டும். காபமசப்பின் எடுப்பவர்களில் மிக அரிதாக எலும்பு மச்சை முழுவதுமே பாதிக்கப்படுவதுண்டு. காய்ச்சல், தொண்டைநோ, வாய்ப்புண், கண்டல் எல்லாம் சேர்ந்து வந்தால் அன்றே காட்டவேண்டும்.

ஈரலையும் மறக்கக்கூடாது. களிமண் அங்கேதான் தயாராகிறது. வல்புரோயேற் அரிதாக ஈரலைக் கடுமையாகத் தாக்கும். அந்த ஆபத்து மிகக் கூடுதலாக உள்ளவர்கள் இரண்டு வயதுக்குட்பட்ட, ஒன்றுக்கு மேற்பட்ட வலிப்பு மருந்துகள் எடுக்கும், பிறவியிலேயே உடற்செயற்பாட்டுக் குறைபாடுகள் உள்ள குழந்தைகள். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் ஆறு மாதங்களுக்குள் வரும். சத்தி, சாப்பாடு வேண்டாமை, சோர்வு, முகம் வீங்குதல், கண் மஞ்சளாதல், நன்றாக அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வருதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றோடு கண்டலும் இருந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கவேண்டாம்.

இனி மருந்தை நிறுத்தும் விடயம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் மூளை அதைத் தாங்காது. அடங்கியிருந்த வலிப்பு முன்னரை விடக் கடுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வரலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு உயிராபத்து. கசிவுக்குப் பயந்து நிறுத்திய மருந்தால் பிள்ளை நினைவிழந்து தலை அடிபட விழுவதும், குறைந்த சிறுதட்டோடு தலைக்குள் இரத்தம் கசிவதும் ஒன்றாக நடந்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். போர்க்காலத்தில் மருந்துக்குத் தடை இருந்தபோது, இருந்த குளிசையைப் பாதியாக்கி நாட்களை ஓட்டியவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கடன் கொடுத்ததும் உண்டு. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் மிச்சமிருக்கிறது. வலிப்பு மருந்தில் அது வேண்டாம்.

வைத்தியர் என்ன செய்வார்? முதலில் இரத்தம் சோதிப்பார். சிறுதட்டு சற்றே குறைந்து, கசிவும் இல்லையென்றால் மருந்தைத் தொடர்ந்தபடி சில கிழமைகளில் திரும்பச் சோதிக்கலாம். கூடக் குறைந்திருந்தால் அளவைக் குறைப்பார். பெரும்பாலானோருக்கு அதுவே போதும். தேவையென்றால் லெவற்றிராசிற்றம் போன்ற வேறு மருந்தைத் தொடங்கிக்கொண்டு பழையதைப் படிப்படியாக இறக்குவார். கடுமையான கசிவென்றால் வைத்தியசாலையில் வைத்து, வலிப்புக்கு வேறு பாதுகாப்புக் கொடுத்துக்கொண்டு உடனேயே நிறுத்தவும் கூடும். அந்தத் தீர்மானம் வீட்டில் எடுக்கக்கூடியதல்ல. பப்பாளி இலைச் சாறு பற்றியும் கேட்பார்கள். இங்கே சிறுதட்டு குறைவது மருந்தின் அளவால். அளவைத் திருத்தாமல் சாறு கொடுத்துக்கொண்டிருப்பது நாட்களை வீணாக்கும்.

மாரி தொடங்கினால் டெங்கு. டெங்கும் சிறுதட்டைக் குறைக்கும், இந்த மருந்தும் குறைக்கும். காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுபோனால் முதல் வசனமாகவே "பிள்ளை வல்புரோயேற் எடுக்கிறது" என்று சொல்லுங்கள். எண்ணிக்கை முன்பே குறைவாக இருந்ததா என்பது தெரிந்தால்தான் இன்றைய எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் நிறைக்கேற்ற அளவில். இப்யூபுறோபன், டிக்குளோபெனாக், அஸ்பிரின் மூன்றும் சிறுதட்டின் ஒட்டும் வேலையைக் கெடுப்பவை. அஸ்பிரின் இன்னும் ஒருபடி மோசம். இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் வல்புரோயேற்றை அது விடுவித்து, வேலைசெய்யும் மருந்தின் பங்கைப் பிள்ளைகளில் நான்கு மடங்கு வரை கூட்டக்கூடும். காய்ச்சல் வலிப்பைத் தூண்டும் என்பதால் அந்த நாட்களில் வலிப்பு மருந்து ஒருவேளையும் தவறக்கூடாது. பிள்ளை மருந்தைச் சத்தியெடுத்தால் வைத்தியசாலையில் அதையும் சொல்லவேண்டும். பாம்பு கடித்தாலும் இப்படித்தான். கண்ணாடி விரியனின் விஷம் இரத்தம் உறைவதையே குழப்புவது. மருந்தின் பெயர் அங்கேயும் பயன்படும்.

பல் பிடுங்க, தொண்டைக் கட்டி எடுக்க, சுன்னத்துச் செய்ய, எந்தச் சத்திரசிகிச்சையாக இருந்தாலும் அதற்கு முன் இந்த மருந்தைச் சொல்லவேண்டும். திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு முன் சிறுதட்டையும் உறைதலையும் சோதிக்கவேண்டும் என்று மருந்தின் ஏடே சொல்கிறது. பல் வைத்தியர் "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா?" என்று கேட்கும்போது, வலிப்பு என்று சொன்னால் பிள்ளையை ஒருமாதிரிப் பார்ப்பார்கள் என்று மறைக்கும் பெற்றோர் உண்டு. நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வந்துவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். எங்கள் சமூகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வைத்தியரிடம் சொல்வது ஊருக்குச் சொல்வதல்ல. வாயால் சொல்லக் கூச்சமென்றால் கிளினிக் கொப்பியை நீட்டினாலே போதும்.

பெரிய பிள்ளையாகிவிட்ட பெண்பிள்ளைகள் விடயத்தில் இந்த மறைப்பு இன்னும் கூடுதல். மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை துணி மாற்றவேண்டி வந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, அதை "சூடு" என்று விட்டுவிடாமல் வலிப்புக் கிளினிக்கில் சொல்லவேண்டும். மூக்கால் வரும் இரத்தத்தைப் போலவே இதுவும் கசிவுதான், யார் கண்ணுக்கும் தெரியாத கசிவு. மாதாமாதம் இழந்து பிள்ளை வெளிறிப்போயிருக்கும். இந்த வயதில் வல்புரோயேற்றைத் தொடர்வதா என்பதே தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி. கர்ப்பகாலத்தில் இந்த மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்துக்கு ஒருவருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 வீதமானோருக்கு மூளை வளர்ச்சிச் சிக்கல்களும் வருவதாக அறியப்பட்டிருக்கிறது. அதனால் கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதினருக்கு இதைத் தவிர்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று பிள்ளை பாடசாலையில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. இதற்காகவும் தானாக நிறுத்தக்கூடாது.

மூக்கால் இரத்தம் வந்தால் பிள்ளையை இருத்தி, தலையை முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்க வைத்தால் இரத்தம் தொண்டைக்குள் போகும். வலிப்பு வந்தால் வாய்க்குள் கரண்டியோ துணியோ திணிக்கவேண்டாம். கையில் இரும்பைக் கொடுப்பதால் ஒன்றும் நடக்காது, ஆனால் வாய்க்குள் திணிப்பது கசிவுள்ள பிள்ளைக்குக் காயத்தையும் மூச்சடைப்பையும் கொண்டுவரும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். இருபது நிமிடமாகியும் நிற்காத இரத்தம், சத்தியில் இரத்தம், தார்போலக் கறுத்த மலம், சிவந்த சிறுநீர், தலையில் அடிபட்ட பிறகு தலையிடியோ சத்தியோ மயக்கமோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் 1990 அம்புலன்ஸ். இரும்புச்சத்து மருந்து எடுக்கும் பிள்ளைக்கும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் கூடவே சொல்லுங்கள்.

வன்னிக்கு மட்டும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வியட்நாம் போரில் தலைக்குள் ஊடுருவிய காயம்பட்ட படையினரை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலிப்பு வந்தது. சிலருக்கு முதல் வலிப்பு வரவே பல ஆண்டுகள் எடுத்தது. 2009 இல் ஷெல் துண்டு தலையில் பட்ட சிறுமிகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அவர்களில் வலிப்புக்குப் பீனிற்றோயின், பீனோபாபிற்றோன், காபமசப்பின் எடுப்பவர்கள் கர்ப்பமானால், பிறக்கும் குழந்தைக்கு விற்றமின் கே குறைந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே இரத்தக்கசிவு வரக்கூடும். பிறந்தவுடன் தொடையில் போடும் விற்றமின் கே ஊசி இதைத் தடுக்கத்தான். எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதுதான் வழமை. ஆனாலும் தாய் என்ன மருந்து எடுக்கிறார் என்பதைக் கர்ப்பகாலக் கிளினிக்கிலேயே குடும்பநல மாதுவிடம் எழுதிவைக்கச் சொல்லி, பிரசவ விடுதியில் ஊசி போடப்பட்டதா என்று கூட நிற்பவர் ஒருவர் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும்.